வடசென்னையில் குடியை விட உதவும் கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் இருந்து குடியை விட நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் ஆலோசனைக்கு வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. கூட்டம் என்று இங்கே சொல்வது ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தை. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது என்றால், மற்றதை அப்புறம் படிக்கலாம். முதலில் "நாளைக்கே நிறுத்தலாமா?" என்ற கேள்விக்குப் போங்கள்.

இது என்ன கூட்டம்? யார் நடத்துகிறார்கள்?

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்தப் பார்க்கிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம். டாக்டர் கிடையாது, பாடம் கிடையாது, முடிவில் சான்றிதழும் கிடையாது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில், பங்குச்சந்தையில் வேலை பார்த்த பில் என்பவரும் பாப் என்ற டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. சென்னையில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் உண்டு. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

வடசென்னையில் எங்கே நடக்கிறது? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

பட்டியல் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூட வகுப்பறையிலோ, சர்ச் வளாகத்தில் ஒரு அறையிலோ, சமூகக் கூடத்திலோ நடக்கும். பள்ளியில் பரீட்சை என்றால் இடம் மாறும். சர்ச்சில் திருவிழா என்றால் நேரம் மாறும். பழைய பட்டியலை நம்பிப் போய், பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர் நேராக எங்கே போவார் என்று உங்களுக்கே தெரியும். அதனால் போகிற அன்றைக்கு விசாரித்துவிட்டுப் போவதுதான் நல்லது.

விசாரிக்க வழிகள் பல. ஏஏ-வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் கிடைக்கும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கட்டணம் இல்லை. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416, இதுவும் இலவசம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். தமிழக அரசின் 104-லும் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம் விட வேகமான வழி ஆஸ்பத்திரிதான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போய், அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடம் "ஏஏ ஆளுங்க யாராவது வர்றாங்களா?" என்று கேளுங்கள். குடியை விட்டவர்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் நோயாளிகளிடம் பேசுவது ஏஏ-வில் வழக்கம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் இதே மாதிரி விசாரிக்கலாம். அயனாவரம், ஓட்டேரி, பெரம்பூர் ஆட்களுக்கு அதுதான் பக்கம்.

இன்னொரு வழியும் உண்டு. வடசென்னையில் ஒருத்தர் குடியை விட்டுவிட்டால் அது தெருவுக்கே தெரியும். "அவரா, முன்னாடி எப்படி இருந்தாரு தெரியுமா" என்று சொல்லப்படுகிற ஒரு ஆள் உங்கள் தெருவிலும் இருப்பார். அவர் ஏஏ மூலமாக விட்டவராக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எங்கே போவது என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

போன் பண்ணினால் என்ன கேட்பார்கள்? பேசவே கூச்சமாக இருக்கிறது.

எதிர்முனையில் பேசுபவரும் ஒரு காலத்தில் அதே கூச்சத்தோடு போன் பண்ணியவர்தான். பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

"அண்ணா, கூட்டம் எங்க நடக்குதுன்னு கேக்கணும்."

"யாருக்குப்பா? உனக்கா, வேற யாருக்காவதா?"

"எனக்குத்தாண்ணா."

"சரி. எங்கருந்து பேசற?"

"கொருக்குப்பேட்டை."

"இன்னைக்கு ஏழு மணிக்கு இருக்கு. ஆறே முக்காலுக்கே நான் கேட்டாண்ட நிக்கறேன், வந்துடு. சாப்ட்டியா?"

ஊர், வேலை, சாதி, எவ்வளவு குடிக்கிறாய் என்ற விசாரணையெல்லாம் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. இன்றைக்குக் கூட்டம் நிச்சயம் உண்டா? தமிழிலா? எந்த வாசல் வழியாக வர வேண்டும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரிய வளாகங்களில் நாலு கேட் இருக்கும், வெளியே போர்டு இருக்காது. வாட்ச்மேனிடம் "குடிகாரங்க கூட்டம் எங்க?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. "ஏஏ மீட்டிங்" என்று கேட்டால் போதும், கை காட்டுவார்.

பக்கத்தில் இருக்கும் கூட்டத்துக்குப் போவதா, தள்ளி இருப்பதற்கா?

தூரத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கடைக்குப் போகிற நேரம் எது? டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஹார்பரில் சுமை தூக்குகிறவருக்கு வேலை முடிந்து கூலி கையில் விழும் நேரம் ஆபத்து. ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சாயங்கால சவாரி முடிந்த பிறகு. மணலி பக்கம் கம்பெனி வேலைக்காரருக்கு ஷிப்ட் விட்டு வெளியே வரும் நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் நடக்கிற கூட்டம் மூன்று ஸ்டேஷன் தள்ளி இருந்தாலும் அதுதான் உங்களுக்கான கூட்டம். வீட்டுக்கு எதிரிலேயே ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பதைவிட அது அதிகம் உதவும். இப்போது விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடுவதால் திருவொற்றியூர்க்காரர் வண்ணாரப்பேட்டைக்கோ மண்ணடிக்கோ வந்து போவது பெரிய வேலை இல்லை.

தெரிந்த முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்ற பயம் இருந்தாலும் தள்ளிப் போங்கள். தண்டையார்பேட்டைக்காரர் பெரம்பூருக்கும், பெரம்பூர்க்காரர் தண்டையார்பேட்டைக்கும் போவது சகஜம். அப்படியே உங்கள் ஏரியாக்காரர் ஒருவரை அங்கே பார்த்துவிட்டாலும், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். உள்ளே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று வெளியே பேசக் கூடாது என்பது அங்கே முதல் ஒழுங்கு. நூற்றுக்கு நூறு எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் குடிப்பது ஏற்கெனவே தெருவுக்கே தெரியும், நிறுத்தப் பார்ப்பது தெரிந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

உள்ளே என்ன நடக்கும்?

வகுப்பறை என்றால் பெஞ்சு, இல்லையென்றால் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மேசை, அதன் மேல் இரண்டு மூன்று புத்தகங்கள். அன்றைக்கு நடத்துகிறவர் ஒரு பிரார்த்தனையோடு தொடங்குவார். பன்னிரண்டு படிகள் என்று சொல்லப்படும் வழிமுறையை யாராவது வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். நடுவில் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம்.

எதிர்பார்க்காத விஷயம் ஒன்று: நிறையச் சிரிப்பார்கள். பீரோவுக்குப் பின்னால் ஒளித்த குவார்ட்டரை எடுக்கப் போய் பீரோவோடு விழுந்த கதையைச் சொன்னால் அறையே குலுங்கும். அடுத்தவர் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்த கதையைச் சொல்வார், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் தடவை வருபவருக்கு இந்த இரண்டும் மாறி மாறி வருவது கொஞ்சம் திகைப்பாக இருக்கும்.

நீங்கள் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுக்கறேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். முடிந்ததும் டீ இருக்கும். டீ குடிக்காமல் ஓடிவிடாதீர்கள், முக்கியமான பேச்சு அங்கேதான் நடக்கிறது. போன் நம்பர்கள் கைமாறுவதும் அப்போதுதான்.

ஓப்பன் மீட்டிங், க்ளோஸ்டு மீட்டிங் என்கிறார்களே?

முதலாவதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மனைவி, அண்ணன், நண்பர் யாரோடும் போகலாம். இரண்டாவது குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

பணம் கட்ட வேண்டுமா? ஆதார் கேட்பார்களா?

இரண்டும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. முடிவில் ஒரு பை சுற்றி வரும். விருப்பப்பட்டவர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள், டீக்கும் வாடகைக்கும் அதுதான். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏ-வின் கொள்கை. ஆகவே ஏஏ பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் அது ஏஏ இல்லை.

சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களா? எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை.

இடம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது, அதனால் சர்ச். சபைக்கும் கூட்டத்துக்கும் வேறு தொடர்பு இல்லை. வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவரும் தொழுகைக்குப் போகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

கடவுள் விஷயம் கொஞ்சம் சிக்கல்தான், மறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்ற அடைமொழியோடு. யூனியனிலும் பகுத்தறிவு மேடையிலும் வளர்ந்த நம் பகுதி ஆட்கள் சிலருக்கு இது இடிக்கும். சிலர் அந்தக் கூட்டத்தையே தங்களுக்கு மேலான சக்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். சிலர் பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படியும் ஒத்துவரவில்லை என்றால், ஆஸ்பத்திரிகளில் நடக்கும் குழு ஆலோசனை இருக்கிறது, அதில் கடவுள் பேச்சு இல்லை.

குடித்துவிட்டு வரலாமா?

வரலாம். கலாட்டா பண்ணாமல் உட்கார்ந்திருந்தால் வெளியே அனுப்ப மாட்டார்கள். பேச மட்டும் வேண்டாம் என்பார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

நாளைக்கே நிறுத்தலாமா? ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்கிறார்களே?

தினமும் நிறைய, பல வருஷமாகக் குடிப்பவருக்கு ஆபத்து உண்மைதான். கூட்டத்தால் இதைச் சரி செய்ய முடியாது. மூளை மதுவுக்குப் பழகி, அதை ஈடுகட்டும் விதத்தில் வேகமெடுத்து ஓடிக்கொண்டிருக்கும். மது திடீரென்று நின்றதும் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி, தூக்கமின்மை வரும். சிலருக்கு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளிடம் பேசுவார், வீட்டாரை அடையாளம் தெரியாது. நம் வீடுகளில் இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று எடுத்துக்கொண்டு வேப்பிலை அடிக்க அழைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அது உயிர் போகக் கூடிய நிலை. உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், காலையில் குடிக்காமல் இருக்க முடியாதவர், மஞ்சள் காமாலை உள்ளவர், வயதானவர் எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரையும் தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து, அநேகமாக ஒரு வாரத்துக்குள் உடம்பை நிலைக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் இது இலவசம். 2025-ல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104-ல் கேளுங்கள். அடையாறு இந்திரா நகரில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனையும் இதற்கென்றே இருப்பது. நமக்குத் தூரம்தான், ஆனால் குடும்பத்தையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

உடம்பு தேறியதும் கூட்டத்துக்குப் போகலாம். வார்டில் இருக்கும்போதே ஏஏ ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டால் இன்னும் நல்லது. டிஸ்சார்ஜ் ஆன அன்று சாயங்காலம் எங்கே போவது என்ற கேள்வி எழாது.

என் வீட்டுக்காரர் வர மாட்டேன் என்கிறார். சாப்பாட்டில் கலக்கிற மருந்து இருக்கிறதாமே?

தயவுசெய்து வேண்டாம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். விஷயம் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில், சம்மதத்தோடு சாப்பிடுகிறவருக்கு அது ஒரு துணை. தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்து, அவர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். "தெரியாமல் கொடுக்கலாம்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது ஒட்டினவருக்கே வெளிச்சம்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் உண்டு. ஏஏ தொடங்கிய பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு அலட்டீன். அவரை எப்படி நிறுத்த வைப்பது என்று அங்கே சொல்லித் தர மாட்டார்கள். கடைக்காரரிடம் அவருக்காகப் பொய் சொல்வது, வேலைக்கு லீவு சொல்வது, கடனை அடைப்பது இதையெல்லாம் விட்டுவிட்டு நீங்கள் எப்படி மூச்சு விடுவது என்று பேசுவார்கள். அடி உதை இருந்தால் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181.

ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் மையத்தில் போட்டுவிடலாமா?

ராத்திரியில் வேன் வந்து நாலு பேர் தூக்கிப் போவதை நம் பகுதியில் பலர் பார்த்திருப்பீர்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். சிகிச்சை கொடுக்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம். சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல டாக்டர் யார், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறார், நாங்கள் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். "மூணு மாசம் பாக்கவே கூடாது" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெண்கள் வரலாமா?

தாராளமாக. எண்ணிக்கை குறைவாக இருக்கும் என்பதும் உண்மை. ஆண் குடித்தால் பழக்கம், பெண் குடித்தால் குடும்ப மானம் என்கிற ஊர் இது. போன் பண்ணும்போதே "பெண் உறுப்பினர் யாராவது பேசுவாங்களா?" என்று கேளுங்கள். வழிகாட்டியாக, அதாவது ஸ்பான்சராக, பெண்ணுக்குப் பெண்ணையும் ஆணுக்கு ஆணையும் வைத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்குப் போனிலேயே கலந்துகொள்ளும் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன, பெண்களுக்கு மட்டுமானவையும் உண்டு. முகத்தைக் காட்டாமல் கேட்டுக்கொண்டு இருக்கலாம்.

நான் கடலுக்குப் போகிறவன். வாரம் தவறாமல் எப்படி வர முடியும்?

காசிமேட்டு விசைப்படகு ஆட்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாமல் கரையில் சும்மா இருப்பதால் அதிகம் குடிக்கிற காலமும் அதுதான். புதிதாக வருபவர் 90 நாளில் 90 கூட்டம் போகச் சொல்வது ஏஏ பழக்கம். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடைக்காலத்திலேயே முடித்துவிடலாம். கடலுக்குப் போன பிறகு கரை திரும்பும் நாளைப் பாருங்கள். மீன் விற்றுப் பங்கு பிரிக்கிற அன்று சாயங்காலம் ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள், பங்குப் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குடியைத் தொடர்ந்து விட்டிருப்பதில், ஏஏ-வும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சையும் மற்ற ஆலோசனை முறைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தன. ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் பலிக்கும் மருந்து இல்லை. மாத்திரை, ஆலோசனை, கூட்டம் மூன்றையும் சேர்த்துச் செய்வதில் எந்த முரணும் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது அவர் சொந்தக் கருத்து.

ஒரு தடவை போனேன், பிடிக்கவில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம். ஒன்றில் வயதானவர்கள் அதிகம், இன்னொன்றில் ஒருத்தரே அரை மணி நேரம் பேசுவார். வேறு மூன்று நாலு குழுக்களையும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

நிறுத்தி, மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அங்கே பாதிப் பேர் அப்படித் திரும்பி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். "எங்கடா போன?" என்று யாரும் கேட்பதில்லை, நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான். ஆனால் மறுபடி தினசரிக் குடியாக மாறி வாரக்கணக்கில் ஓடியிருந்தால், போன தடவை சுலபமாக நிறுத்தியதை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தும்போது உடம்பு படும் பாடு கூடிக்கொண்டே போகலாம். முதலில் டாக்டர்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே கடை இருக்கிறதே?

வேறு தெரு வழியாக வாருங்கள், சுற்று ஆனாலும் பரவாயில்லை. கூட்டத்துக்கு வரும்போது பஸ்ஸுக்கோ மெட்ரோவுக்கோ ஆகிற காசுக்கு மேல் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஜிபேவையும் கொஞ்ச நாளைக்குப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். பசியோடு திரும்பாதீர்கள், வெறும் வயிறு கடைப் பக்கம் இழுக்கும். டீ நேரத்தில் நம்பர் கொடுத்தவரில் ஒருவருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே நடங்கள். பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், அதற்காகத்தான் கொடுத்தார்கள். அடுத்த கூட்டம் எந்தக் கிழமை, எங்கே என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.